பங்குனி இடி

2025 மார்ச் 22, சனி

இன்றும் மழை இல்லை. தண்ணீர்ப் பீலியில் ஒரு குடம் நிறைவதற்குள் கால் வலித்துவிடுகிறது.

மார்ச் 24, திங்கள்

அம்மா ஏழாம் நம்பர் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கப் போனார். துளிரே இல்லையாம், இலை முற்றிப்போய் நிற்கிறதாம். அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. 1,350 ரூபாயில் பாதி.

இரவு வீட்டுக்காரர் ஃபோனில் பேசினார். அனுராதபுரத்தில் இன்னும் ரோட்டுத் தார் வேலைதான். மேலேயும் கொதிக்குது, கீழேயும் கொதிக்குது புள்ள என்றார். கெண்டைக்கால் இழுக்கிறதாம், தலை இடிக்கிறதாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறார். வியர்வையில் உப்பும் போகிறது, ஜீவனி உப்புச்சர்க்கரைத் தூள் வாங்கி ஒரு லீட்டர் ஆறவைத்த தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரைத்துக் குடிங்க என்றேன். சரி சரி என்றார். அந்த "சரி சரி" எனக்குத் தெரியும்.

மார்ச் 25, செவ்வாய்

ஃபோன் எடுக்கவில்லை.

மார்ச் 26, புதன்

எடுத்தார். சார்ஜ் இல்லையாம். நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

வந்துவிட்டது.

காலையில் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. பத்து மணிக்கு மேல் மலை உச்சியில் வெள்ளை மேகம் திரண்டது. ஒரு மணிக்கெல்லாம் அதன் அடி கறுத்துவிட்டது. இரண்டரைக்கு முதல் இடி, கொத்மலைப் பக்கம். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணினேன். பன்னிரண்டு செக்கன். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீட்டர், அப்படியென்றால் நாலு. அடுத்தது ஒன்பது செக்கன். அப்புறம் ஐந்து. அதற்கப்புறம் எண்ண நேரமில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தகரமே அதிர்ந்தது. வயிற்றுக்குள் இருப்பதும் ஒரு தடவை தூக்கிப் போட்டது.

அம்மா நாலரைக்குத்தான் வந்தார். எல்லாரும் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒதுங்கி நின்றார்களாம். நாலு தூணும் ஒரு கூரையும், சுவர் கிடையாது. அது மழைக்கு ஒதுங்கலாம், மின்னலுக்கு ஒதுங்குகிற இடமில்லை. அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து சாயத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த தோல், ஈரத்தில் ஊறி வெடித்த இடங்களில் மட்டும் வெள்ளை வெள்ளையாக.

"இடிக்குப் பயந்தா பேர் போடுவாங்களா?" என்கிறார்.

மார்ச் 29, சனி

ரேடியோவில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல். மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியுடன் மழை. அப்புறம் வழக்கமாகச் சொல்வது: மரத்தடியில் நிற்க வேண்டாம், வயல்வெளி, தேயிலைத் தோட்டம், நீர்நிலை போன்ற திறந்த இடங்களில் இருக்க வேண்டாம்.

தேயிலைத் தோட்டம் என்று பேர் சொல்லியே சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார்கள்? இடுப்பளவுச் செடிக்குள். அந்தச் சரிவில் செடியைவிட உயரமாக இருப்பது ஆள் தலையும் நிழல் மரமும்தான். மரத்தடிக்குப் போனால் அது இன்னும் மோசம். இடி காதில் விழுந்துவிட்டாலே மின்னல் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறோம், கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது வெளியே வரக்கூடாது. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? நிறுவை முடியாமல் அவரால் இறங்க முடியாது. தெரிய வேண்டியது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறவர்களுக்கு.

பங்குனியும் சித்திரையும் மட்டும் வேலையை விடியற்காலையிலேயே தொடங்கி, இரண்டு மணிக்கு முன்னால் நிறுவையை முடித்துவிடலாம். காலையில் இடிப்பதில்லையே. தினமும் மத்தியானத்துக்குப் பிறகுதான். இப்போது பருவக்காற்று எதுவும் இல்லை. வெயிலில் தரை கொதித்து, இரண்டு பக்கத்துக் கடலிலிருந்தும் ஈரக்காற்று உள்ளே வந்து, மலையில் ஏறித்தான் இடியாகிறது. கடிகாரம் வைத்தது மாதிரி வருவதற்கு ஏற்பாடு செய்ய முடியாதா?

தோட்டத்து ஆள் ஒருவரிடம் கேட்டேன். "பிள்ளத்தாச்சி பொம்பள, போய்ப் படும்மா" என்றார். படுக்க மாட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா வீட்டில். இடித்தது. பயமே இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மலை முழுக்கத் துளிர். ஒரு வாரத்தில் இப்படி மாறும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு முழுப்பேர், அதற்கு மேலும் கிலோ இருக்கிறது. முகமே வேறு மாதிரி இருக்கிறது. இந்த மழை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 5, சனி

இன்று முதல் 15ஆம் தேதி வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில். தெற்கில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே நகரும். அனுராதபுரத்துக்கு எப்போது வரும் என்று கலண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் லீவு போட்டு வந்துவிடுங்க என்றேன். சித்திரை வருஷத்துக்குத்தான் லீவாம்.

அங்கேயும் வெப்ப எச்சரிக்கை. வெளியில் வேலை செய்கிறவர்கள் நிழலில் ஓய்வெடுக்க வேண்டுமாம். புது ரோட்டில் நிழல் ஏது? ஓரத்து மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுத்தானே ரோடு போடுகிறார்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நிறுத்தச் சொல்லுங்க என்றேன். நிறுத்தினால் அந்த மூன்று மணி நேரத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

வியர்க்கிறதா என்று தினமும் கேட்கிறேன். வியர்வை நின்று உடம்பு காய்ந்து சுட்டால், பேச்சுக் குழறினால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது, தண்ணீரை ஊற்றி நனைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இதை அவருடன் வேலை செய்கிற பையனிடமும் ஃபோனில் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பீலித் தண்ணீர் கலங்கலாக வந்தது. லயத்துக்குப் பின்னால் போய் மண்ணில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது அக்டோபர் 29ஆம் தேதி. அதுவும் இதே மாதிரி இரண்டு பருவக்காற்றுக்கு நடுவில் வருகிற இடிமழைக் காலம். சாயங்காலம் தண்ணீர் தெளிந்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

பக்கத்து டிவிஷனில் ஒரு நிழல் மரத்தில் மின்னல் விழுந்திருக்கிறது. பட்டை மேலிருந்து கீழ் வரை உரிந்து கிடக்கிறதாம். அந்த நிரையில் அப்போது ஆள் இல்லை. முந்தின நாள் இருந்தார்கள்.

அம்மாவிடம் நாளைக்குப் போக வேண்டாம் என்றேன். பதில் சொல்லாமல் இடுப்பில் கட்டுகிற படங்கை உதறிக் காயப்போட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

போனார்.

ஏப்ரல் 12, சனி

போயா, பௌர்ணமி லீவு. அம்மா வீட்டில். அவர் விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். கண்டியில் இறங்கிப் பேசினார், குரல் நன்றாக இருக்கிறது, வியர்க்கிறதாம். இடுப்பு காலையிலிருந்து விட்டு விட்டு வலிக்கிறது. கிளினிக்கில் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, சூட்டு வலியாக இருக்கும் என்கிறார் அம்மா. ஆனாலும் ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மணி ஒன்றரை. கொத்மலைப் பக்கம் கறுத்துவிட்டது. அவர் கினிகத்தேனை ஏறுகிறாராம், அங்கே கொட்டுகிறதாம். அதற்கு மேல் லைன் கட்டாகிவிட்டது. கிளினிக் கார்டு எடுத்துவைத்தாயிற்று, துணி, ஃபிளாஸ்க். ஆட்டோக்காரர் இடி விட்டதும் புறப்படலாம் என்கிறார், அம்மா இப்பவே என்கிறார்