தொடங்காமல் விடுவதும் தொடங்கியதை நிறுத்துவதும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் குடும்பத்தோடு பேசுவது என் வேலை. டாக்டர் நிலைமையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, அதையே நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கும் முன் எல்லாருக்கும் புரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி இதுதான்:

"மெஷின்ல வச்சா அப்புறம் எடுக்கவே முடியாதாமே மேடம்? எடுத்தா நாமளே கொன்ன மாதிரி ஆயிடும்ல?"

இந்தப் பயத்தாலேயே வென்டிலேட்டர் என்கிற அந்த மூச்சு மெஷின் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், கடுமையான நிமோனியா, அதற்கு முன் பெரிய நோய் எதுவும் இல்லை. சில நாள் மெஷின் கைகொடுத்தால் எழுந்து உட்கார நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டரே சொல்கிறார். அப்போதும் தயங்குகிறார்கள். பணம் பெரிய காரணம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் உள்ளவர்களும் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். போடாமல் உயிர் போனால் விதி. போட்டு, எடுத்து, உயிர் போனால் அது நம் கை. மனசு இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

செய்ததால் வரும் கேடு, செய்யாமல் விட்டதால் வரும் கேட்டைவிடப் பெரிய பாவமாகத் தெரிகிற இந்த மனச்சாய்வை உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். 1990இல் இலானா ரிட்டோவும் ஜோனதன் பேரனும் ஒரு கற்பனைத் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு காய்ச்சலால் 10,000 குழந்தைகளில் 10 பேர் இறக்கிறார்கள். ஊசி அதைத் தடுக்கும், ஆனால் ஊசியாலேயே சில குழந்தைகள் இறக்கலாம். அந்த எண்ணிக்கை 9 ஆக இருந்தால்கூட ஊசி போடுவதே மேல். பலர் அதற்கு ஒப்பவில்லை. ஊசியால் ஒரு குழந்தையும் சாகக்கூடாது என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. என் எதிரே உட்காரும் குடும்பங்களும் அப்படித்தான், பாசம் மிகுந்தவர்கள்.

என்னை உறுத்துவது வேறு. மெஷின் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. போட்டுப் பார்த்து, சில நாள் கழித்து, சிறுநீரகம் நின்றுபோய், ரத்த அழுத்தம் மருந்தின் பலத்தில் மட்டும் நிற்கிறது என்றால், அப்போது நமக்கு எவ்வளவோ தெரியும். தெரிந்து எடுக்கும் முடிவு பாவமாகவும், தெரியாமல் எடுக்கும் முடிவு குற்றமற்றதாகவும் தோன்றுவது எவ்வளவு பெரிய தலைகீழ்! பிழைத்திருக்கக் கூடியவர்கள் இந்தத் தலைகீழில் போய்விடுகிறார்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தேறும் வழியே இல்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளைத் தொடங்காமல் விடுவதையும் விலக்கிக்கொள்வதையும் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று ஒரே வரிசையில் வைத்து ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதானது. மூன்று மருத்துவர்கள் கொண்ட ஒரு குழு பார்க்க வேண்டும், அப்புறம் இன்னொரு குழு உறுதி செய்ய வேண்டும். ஆனால் தீர்ப்பைச் சொன்னால் மனசு கேட்டுவிடுமா?

ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் குழாயை எடுக்கக் கூடாது என்று அழுத அதே குடும்பம், "வீட்டுக்குக் கொண்டுபோயிடறோம்" என்று கேட்கும். ஆம்புலன்சில் ஊழியர், நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே வருவார். வீட்டுக் கூடத்தில் கிடத்தி, சொந்தங்கள் வாயில் பால் விட்ட பிறகு அந்தக் கை நிற்கும். அதை யாரும் கொலை என்று நினைப்பதில்லை, நினைக்கவும் கூடாது. சொந்த வீட்டில் உயிர் பிரிவது நம் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் எடுத்தால் மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மருந்து கொடுத்து எடுக்கலாம். வீட்டில் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. நம் கை படக்கூடாது என்பதற்கான விலையை அந்த நோயாளி கடைசி நிமிடங்களில் கொடுக்கிறார்.

எங்கள் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று பார்பரா மெக்நீல் குழுவினர் கேட்ட ஆய்வு 1982இல் வெளியானது. அறுவை சிகிச்சையில் 100க்கு 90 பேர் பிழைப்பார்கள் என்று சிலரிடமும், 10 பேர் இறப்பார்கள் என்று சிலரிடமும் சொன்னார்கள். இறப்பவர்களைச் சொன்னதும் கதிர்வீச்சின் பக்கம் சாய்ந்தவர்கள் கூடினார்கள், டாக்டர்கள் உட்பட. அதனால் நான் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்கிறேன். "குழாயை எடுத்துடலாமா?" என்று ஒருநாளும் கேட்பதில்லை. "அப்பா இப்ப பேச முடிஞ்சா என்ன சொல்வார்?" என்று கேட்கிறேன். கேள்வி அப்பாவின் பக்கம் திரும்பியதும் பிள்ளைகளின் முகத்தில் இறுக்கம் தளர்வதைப் பார்க்கலாம்.

மெஷின் போடும் முன்பே தவணை பேசிக்கொள்வதும் உதவுகிறது: மூன்று நாள் பார்ப்போம், எதெல்லாம் தேற வேண்டும் என்று டாக்டர் எழுதித் தருவார், அன்றைக்கு மறுபடி உட்காருவோம். நிறுத்தவும் வழி உண்டு என்று தெரிந்தால் தொடங்கத் துணிவு வருகிறது. அந்தப் பேச்சுக்கு மூத்த மகனை மட்டும் கூப்பிடாமல், மகள்களையும், வெளிநாட்டில் இருக்கும் தம்பியை வீடியோ காலிலும் உட்கார வைக்கிறோம். கையெழுத்துப் போட்ட ஒருவர் மட்டும் ஆயுசுக்கும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை.