சீனி வருத்தம்: ஆடி அமாவாசை வரை

2025 யூலை 7

இரவு முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்து, காலையில் மட்டக்களப்பு கல்லடியில் சீனிப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். சில மாதங்களாக இரவில் நான்கு தரம் எழும்புகிறேன். தாகம் அடங்குவதே இல்லை. கச்சான் காற்று அடிக்கிற காலம், யாருக்குத்தான் தாகம் இல்லை என்று என்னை நானே சமாளித்துக்கொண்டிருந்தேன். மச்சாள்தான் விடவில்லை. "மாமிக்கு இருந்தது உங்களுக்கு மறந்துபோய்விட்டதா?" என்று கேட்டார். மாமி என்றது என் அம்மாவை. மறக்கவில்லை. அதனால்தான் போகாமல் இருந்தேன்.

யூலை 9

வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 184. நீரிழிவுக்கான எல்லை 126. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.6; அதற்கு எல்லை 6.5. செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்குமாம். அதுவரை அதில் ஒட்டிய சீனி ஒட்டியதுதான். பரிசோதனைக்கு முதல் இரண்டு நாள் வாயைக் கட்டிச் சரிக்கட்ட முடியாது.

யூலை 11

கிளினிக்கில் வைத்தியர் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் தொட்டார். தொட்டால் "ஆம்" என்று சொல்ல வேண்டும். பெருவிரல், ஆம். விரலடி, ஆம். பிறகு ஒரு சிறு இடைவெளி. அவர் தொடவில்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "தொடவில்லை அம்மா, பயப்படாதீர்கள்" என்றார்.

பயம் வேறு எதற்கும் இல்லை. அம்மா ஓர் ஆடி அமாவாசைக்குத் தாத்தாவுக்குப் பிதிர்க்கடன் செய்ய அமிர்தகழி மாமாங்கம் கோயிலுக்குப் போய், நடுப்பகல் மணலில் வெறுங்காலுடன் நின்றார். சீனி வருத்தத்தால் கால் நரம்பு மரத்திருந்ததால், சுட்டது அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பாயில் ஈரத்தைக் கண்டு நான்தான் காலைத் தூக்கிப் பார்த்தேன். விரலடி முழுக்கக் கொப்புளம். கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தக் காலில் அவருக்கு நோவே இருக்கவில்லை.

மெட்போமின் குளுசை, 500 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பாட்டோடு. ஈரல் இரத்தத்துக்குள் விடுகிற சீனியை அது குறைக்கிறது. கண்ணையும் காட்டச் சொல்லித் துண்டு தந்தார்.

யூலை 14

குளுசை வயிற்றைக் கலக்குகிறது. சில நாளில் பழகிவிடும் என்றார்கள்.

குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று அம்மா நம்பியிருந்தார். குரக்கனும் மாச்சத்துத்தான், அளவுதான் முக்கியம். சோற்றைக் கோப்பையால் அளந்து போட்டு, மீதித் தட்டை முருங்கையிலைச் சுண்டலாலும் மீனாலும் நிரப்புகிறேன். தேத்தண்ணீரில் சீனி இல்லை. போகிற வீடுகளில் அதைச் சொல்வதுதான் பெரும்பாடு. "ஒரு கரண்டிதானே" என்று பாசத்தோடு கலக்கிவிடுகிறார்கள்.

யூலை 24

இன்று ஆடி அமாவாசை. அப்பாவுக்காக அமிர்தகழிக்குப் போனேன். வெயில் ஏற முன்பே தீர்த்தமாடி, விரலிடுக்கு வரை ஈரம் துடைத்தேன். செருப்பை வாசல்வரை கழற்றவில்லை.

இரவு விளக்கடியில் இருந்து, அம்மாவின் கைக்கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். இடது குதிக்காலில் நெருஞ்சி முள் குத்திய ஒரு சிவந்த புள்ளி. விரலால் அழுத்தினேன்.

நொந்தது.