கரண்ட் மேல் போட்ட பழி

ஆறு லட்சம் கியாட் கொடுத்து வாங்கிய செகண்ட்ஹேண்ட் லேப்டாப், வீட்டுக்கு வந்த பதினோராவது நாள் ஒரு கல்யாணப் பத்திரிகையை விழுங்கியது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பர்மியம், இரண்டு மணி நேர வேலை. மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது திரை உறைந்தது, அப்புறம் நீலம், அப்புறம் கறுப்பு, அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி தானே ஆன் ஆகிறது. சாயங்காலம் இன்னொரு தடவை. மறுநாள் மூன்று.

ரங்கூனில் எது கெட்டாலும் முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான். மாடி வீட்டு மாமா, “ஸ்டெபிலைசர் போடுப்பா, சரியாயிடும்” என்றார். போட்டேன். அடாப்டரைத் திருப்பி, அதன் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருப்பதைப் படித்திருந்தால் அந்தக் காசு மிச்சமாகியிருக்கும்.

சரி, மாமாவைக் குறை சொல்லி என்ன, என்னை நன்றாக ஏமாற்றியது, இயந்திரத்தில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் விண்டோஸ் ஈவென்ட் வியூவர். ஒவ்வொரு தடவை விழுந்த நேரத்துக்கும் நேரே சிவப்புக் குறியோடு ‘கெர்னல்-பவர் 41’ என்று இருந்தது. பவர் என்ற சொல்லைப் பார்த்ததும், பார்த்தாயா, கரண்டேதான் என்று ஒரு வாரம் வேறு எதையும் நான் தேடவில்லை. அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: முறையாக ஷட் டவுன் ஆகாமல் இயந்திரம் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது. ஆள் விழுந்து கிடக்கிறான் என்று சொல்லும், யார் தள்ளியது என்று சொல்லாது. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு வெறும் பாட்டரியில் ஓட்டினேன், இருபதாவது நிமிடம் விழுந்தது. கரண்ட் பாவம், அன்றைக்கு வீட்டிலேயே இல்லை.

அதற்கப்புறம் ஆளுக்கொன்று சொன்னார்கள். பர்மியத்துக்கான பழைய ஸாஜி எழுத்துருவும் இப்போதைய பொது முறையான யூனிகோடும் ஒரே கோப்பில் கலந்ததால் இருக்கும் என்றான் நண்பன். 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறிவிட்டது, என்னிடம் வரும் பழைய முகவரிப் பட்டியல்கள் இன்னும் ஸாஜியில்தான் வருகின்றன, ஆனால் எழுத்துருவால் எழுத்துதான் குழம்பும். அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். நான் மூடியைக் கழற்றித் தூசி தட்டி, பிராசசர் மேல் புது தெர்மல் பேஸ்ட் தடவினேன். சூடு 90 டிகிரியிலிருந்து 70-க்கு இறங்கியது, விழுவது நிற்கவில்லை. விண்டோஸைத் திரும்பப் போடலாம் என்றால், பாதியில் ஏதோ கோப்பு கெட்டிருக்கிறது என்று நின்றது. அதே பென்டிரைவ் தம்பியின் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஏறியது. அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

கடைசியில் சிஸ்டம் செட்டிங்கில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டேன், அப்போதுதான் நீலத்திரை படிக்கிற அளவு நின்றது. அதிலிருந்த பிழையின் பெயர் ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், ஒரு நாள் பேஜ் ஃபால்ட், ஒரு நாள் வேறொன்று. ஒரே டிரைவர், அதாவது ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள், கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். தினம் ஒரு பெயர் வந்தால் முதலில் ராமை (RAM, தற்காலிக நினைவகம்) பார்க்க வேண்டும். பின்மூடியைத் திறந்தால் நாலு ஜிபி ராம் துண்டுகள் இரண்டு, இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்று விற்கும்போது சொருகியது போல.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்தேன். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும், என் கிழட்டு இயந்திரத்தில் அதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். பாட்டரி தாங்குவது ஐம்பது நிமிடம். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு தடவை பாதியில் செத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை ராத்திரி பதினொன்றுக்குத் தெருவே “மீ லா பியி!” என்று கத்தியது, கரண்ட் வந்துவிட்டதாம், படுக்கையிலிருந்து ஓடிப்போய் ஆன் செய்தேன். ஒரு துண்டு மட்டும் போட்டு ஓட்டினால் விடியும்போது பச்சை, பிழை பூஜ்யம். மற்றதை அதே ஸ்லாட்டில் போட்டதும் முதல் சுற்றிலேயே சிவப்பு வரிகள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நினைவக முகவரிப் பகுதியில். ஸ்லாட் மேல் குற்றமில்லை.

அந்தக் கெட்ட துண்டைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார சயா ஒன்றும் பேசாமல் பென்சில் ரப்பரை எடுத்துத் துண்டின் தங்கப் பற்களைத் தேய்த்தார், தன் கம்ப்யூட்டரில் சொருகினார், விண்டோஸ் வந்தது, பார் நல்லாத்தானே இருக்கு என்றார். விண்டோஸ் எனக்கும்தான் தினமும் வந்தது என்றேன். சிரித்துவிட்டு, கொஞ்சம் காசு கூட வாங்கிக்கொண்டு வேறு துண்டு கொடுத்தார்.

அது இப்போது மூன்றாவது சுற்றில் ஓடுகிறது. இதைத் தம்பியின் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருக்கிறேன். கரண்ட் இன்னும் இருக்கிறது.