100க்கு எடுத்த கார், 100க்கா பெறும்?

பழைய கார் ஏலத்தில் “மூன்று தரம்” என்று சுத்தியல் விழுந்தபோது மலிவாக அடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். என்னோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பழைய கார் வியாபாரி. பாதியிலேயே கையை இறக்கிவிட்டார். அவருக்குக் கட்டுப்படியாகாதது எனக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று அப்போது தோன்றவில்லை.

ஏலத்தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி நின்றது 82ல். கமிஷனும் அதன் மேல் வரியும் 9. செத்த பேட்டரியோடு வண்டியை இழுத்துவர 4. பெயர் மாற்ற 2. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் கார் வீட்டு வாசலுக்கு வருமுன்பே 115 ஆகிவிட்டது.

பிறகுதான் உண்மையில் இது எவ்வளவு பெறும் என்று பார்க்கத் தொடங்கினேன். 2016 மாடல், மீட்டரில் 58,000 கிலோமீட்டர். முதல் சந்தேகத்தைக் கிளப்பியது டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயர்களிலும் 1422, அதாவது 2022ன் 14வது வாரம். ஸ்டெப்னி மட்டும் 2016. ஆக, முதல் செட் தேய்ந்து, மாற்றிய இரண்டாவது செட்டும், இனி மாற்றியாக வேண்டும் என்று காட்டும் 1.6 மில்லிமீட்டர் அடையாளம் வரை தேய்ந்திருக்கிறது. 58,000க்குள் இரண்டு செட்டா? பிரேக் பெடல் ரப்பரும் ஒரு ஓரம் வழவழவென்று இருந்தது.

புது பேட்டரி போட்டதும் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். எந்தக் கோளாறும் காட்டவில்லை. எனக்குச் சந்தோஷம், அவருக்கு இல்லை. பேட்டரி செத்தாலும் சரி, யாராவது அழித்தாலும் சரி, பழைய பதிவு போய்விடும், கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள் என்றார். ஆனால் கியர்பாக்ஸ் கணினி தன் கணக்கைத் தனியாக வைத்திருந்தது: 1,04,000. மீட்டரைத் திருப்பியவர் அந்தப் பெட்டியை மறந்துவிட்டார்.

பெயின்ட் கனம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் 110 முதல் 130 மைக்ரான். இடது பின்கதவில் மட்டும் 600ஐத் தாண்டியது. உள்ளே பட்டி, அதாவது நசுங்கலை நிரப்பும் பூச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்ததில் சேற்றுக்கோடு இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இல்லை என்று அந்த மட்டில் நிம்மதி.

விலைக்கு முதலில் விளம்பரங்களைப் பார்த்து ஏமாந்தேன். இதே மாடலை 140, 145 என்று போட்டிருந்தார்கள். அது விற்பவரின் ஆசை. ஆறு வாரம் அதே விளம்பரங்களைக் கவனித்தேன். அசையாமல் கிடந்தவை அந்த விலைக்காரர்களுடையவை. காணாமல் போனவை பெரும்பாலும் 125க்கு இறங்கியவை. அதுவும் 60,000 ஓடிய வண்டிகளுக்கு. ஒரு லட்சம் தாண்டியவை 110ஐ ஒட்டியே இருந்தன. பட்டி போட்ட கதவுக்கு இன்னும் கழிவு. மூன்று வியாபாரிகளிடம் உள்ளதைச் சொல்லி விலை கேட்டேன்: 84, 88, 90. நேரடியாக ஒருவருக்கு விற்றால் 104 வரலாம் என்று முடிவு செய்தேன்.

பேட்டரி, டயர், டைமிங் பெல்ட், வாட்டர் பம்புக்குச் செலவழித்த 14ஐ இதோடு கூட்டலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. கூட்ட முடியாது. அந்த 104 ஓடுகிற நிலையில் உள்ள வண்டிக்கான விலை. செலவழிக்காமல் விட்டிருந்தால் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆகக் கையைவிட்டுப் போனது 129, கையில் இருப்பது 104.

விற்கவில்லை, ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மீட்டர் காட்டும் எண்ணோடு 46,000ஐக் கூட்டித்தான் கியர் ஆயில் மாற்றும் கணக்கு. அதை ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். அடுத்து வாங்குபவர் கண்ணிலும் படட்டும்.