பிடித்தப் பட்டியலில் ஒரு புதிய வரி

சம்பளச் சீட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பிடித்தம். இடப்பக்கத்தை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. வலப்பக்கத்தில் ஒரு புது வரி முளைத்தால் போதும், மதியத்துக்குள் என் மேசைக்கு முன் ஆள் நிற்கும். சம்பளக் கணக்குப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. வருமான வரி, வைப்பு நிதி, காப்பீடு, முன்பணத் தவணை என்று ஏற்கெனவே நீண்டுகொண்டிருக்கும் அந்தப் பட்டியலில் "நன்கொடை" என்று ஒன்றைச் சேர்க்கும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது.

நிர்வாகத்தின் எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊழியர் தனக்குப் பிடித்த தொண்டு நிறுவனத்துக்கு மாதாமாதம் ஒரு தொகையைச் சம்பளத்திலிருந்தே கொடுக்கலாம். அதே அளவு பணத்தைக் கம்பெனியும் போடும். மென்பொருளில் இதற்கான வேலை மிகவும் சொற்பம். புதிதாக ஒரு பிடித்தக் குறியீட்டை உருவாக்கி, யாருக்கு எவ்வளவு என்று ஏற்றிவிட்டால் தீர்ந்தது. எங்களுக்கு மாதங்களைத் தின்றது அரைப்பக்கப் படிவம் ஒன்றுதான்.

மனிதவளப் பிரிவிலிருந்து வந்த முதல் வரைவின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: திட்டத்தில் சேர விரும்பாதவர்கள் குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். படித்ததும் எனக்குக் கேரளம்தான் நினைவுக்கு வந்தது. 2018-இல் பெருவெள்ளம் வந்தபோது, அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தை முதலமைச்சரின் நிவாரண நிதிக்குத் தர வேண்டும் என்று மாநில அரசு கேட்டுக்கொண்டது. தர இயலாதவர்கள் இயலாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அந்த நிபந்தனைக்குத் தடை விதித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்சநீதிமன்றமும் அந்தத் தடையில் கைவைக்க மறுத்துவிட்டது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கேட்ட பணத்துக்கே இந்தக் கதி என்றால், நாம் எம்மாத்திரம் என்று கூட்டத்தில் கேட்டேன்.

மனிதவளப் பிரிவினரின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது முட்டாள்தனமான வாதமல்ல. பிரிட்டனில் அரசின் நடத்தையியல் ஆய்வுக் குழு 2013-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். சம்பளத்திலிருந்து நன்கொடை தரும் திட்டத்தில் சேருபவர்களிடம், ஆண்டுதோறும் தொகையை உயர்த்திக்கொள்ளச் சம்மதமா என்று தனியாகக் கேட்டபோது நூற்றுக்கு 6 பேர் ஒத்துக்கொண்டார்கள். உயர்வு தானாக நடக்கும், வேண்டாதவர் சொல்லலாம் என்று மாற்றியதும் அது 49 ஆனது. அதே அறிக்கையில் இன்னொரு சோதனையும் உண்டு. லண்டனில் ஒரு முதலீட்டு வங்கியில் ஒரு நாள் சம்பளத்தைக் கேட்டு ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போயிற்று. வழக்கமான மின்னஞ்சலுக்கு 5 சதவீதம் பேர் தந்தார்கள். பெயர் சொல்லி அழைத்து எழுதி, அலுவலக வாசலில் கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலமும் கொடுத்தபோது 17 சதவீதம். முதலீட்டு வங்கிக்காரர்களும் மிட்டாய்க்கு மசிவார்கள் என்பதை அறிவியல் இப்படித்தான் நிரூபித்திருக்கிறது.

ஆனால் இதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. தானே வந்து சேர்ந்தவரின் தொகையை ஏற்றுவது ஒன்று. வாயே திறக்காதவரை உள்ளே இழுத்துப் போடுவது வேறொன்று. மிட்டாயை நான் மன்னித்துவிடுவேன், வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் படிவத்திலிருந்து தப்ப வேண்டும் என்றால், ஒருவர் தன் பெயரை எழுதி "எனக்கு இயலாது" என்று கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் அந்தப் பத்தி நீக்கப்பட்டது. ஆண்டு உயர்வு மட்டும் ஒரு கட்டமாக இருக்கிறது, நிரப்பப்படாத காலிக் கட்டமாக.

அந்த நாட்களில் வாயில் காவலில் இருப்பவர் ஒருவர் என்னிடம் வந்தார். சம்பள முன்பணம் பற்றிக் கேட்க வந்தவர்போல ஆரம்பித்து, தவணை எத்தனை மாதம் பாக்கி என்று விசாரித்து, போகும்போது கதவருகில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேடம், அந்த நன்கொடைத் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் சூப்பர்வைசருக்குத் தெரிய வருமா?" தெரியாது என்றேன். "யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று அடுத்த கேள்வி. படிவத்தில் "தங்கள் மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்கவும்" என்று அச்சாகியிருந்தது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகு படிவத்தின் பயணத்தையே மாற்றினோம். பெட்டி ஒன்று வைத்துப் போடச் சொல்லலாம் என்றார் ஒருவர்; பெட்டிக்கு அருகில் யார் போகிறார், யார் போகவில்லை என்பதை ஒரு தளமே பார்க்கும். எனவே ஒவ்வொருவரும் தம் சம்பளச் சீட்டைப் பார்க்கும் அதே கணினிப் பக்கத்தில், அவரவர் கடவுச்சொல்லுக்குள் அதை வைத்தோம். கணினி இல்லாதவர்களுக்கு நேரே எங்கள் பிரிவுக்கு வரும் ஒட்டிய உறை. பட்டியலைப் பார்க்கும் உரிமை சம்பளப் பிரிவில் இரண்டு பேருக்கு மட்டும். துறைவாரியாக எத்தனை சதவீதம் என்று கேட்டு ஒரு மேலாளர் வந்தார், மற்றவர்களை உற்சாகப்படுத்தத்தானாம். ஆறு பேர் உள்ள துறையில் சதவீதம் சொல்வதும் பெயர் சொல்வதும் ஒன்றுதான். தர மாட்டேன் என்றேன். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

எவ்வளவு என்ற கட்டத்துக்கும் சண்டை நடந்தது. "ஒரு நாள் சம்பளம்" என்று வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நியாயம் என்றார்கள். கேட்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு நாள், மேலாளருக்குச் சேமிப்பிலிருந்து போகிறது, கடைநிலை ஊழியருக்கு வாடகையிலிருந்து போகிறது. மூன்று தொகைகளை அச்சிட்டு வட்டமிடச் சொல்லலாம் என்பது அடுத்த யோசனை. அப்படிச் செய்தால் பெரும்பாலானவர்கள் நடுவில் இருப்பதை வட்டமிடுவார்கள். சின்னத் தொகையை வட்டமிடக் கூச்சம், பெரிய தொகைக்கு வசதியில்லை. அதனால் கட்டத்தைக் காலியாக விட்டோம்.

எங்கள் கம்பெனிக்கு இந்தியாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கிளைகள் உண்டு. மூன்றுக்கும் ஒரே படிவம் போதும் என்று நினைத்திருந்தவர்களுக்கு வரிச் சட்டம் பாடம் எடுத்தது. பிரிட்டனில் 1987 முதல் நடக்கும் முறையில், வருமான வரி கணக்கிடுவதற்கு முன்பே நன்கொடை கழிக்கப்படுகிறது. கொடுப்பவர் தனியே விண்ணப்பிக்கத் தேவையில்லை. சலுகை அந்த மாதச் சம்பளத்திலேயே வந்துவிடும். அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்காகப் பிடிக்கும் தேசியக் காப்பீட்டுத் தொகை மட்டும் முழுச் சம்பளத்துக்குக் கணக்கிடப்படும். பணம் வரித்துறை அங்கீகரித்த ஏஜென்சி ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் வரி பிடித்தது பிடித்ததுதான். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கோர வேண்டும், அதற்குச் சம்பளச் சீட்டையும் தொண்டு நிறுவனம் கொடுத்த உறுதிமொழி அட்டையையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில்தான் தலைவலி. வருமான வரியில் 80ஜி பிரிவு என்று பல ஆண்டுகளாகப் பழகிய சலுகையில், பெறும் அமைப்பைப் பொறுத்து நன்கொடையில் பாதிக்கோ முழுவதற்கோ விலக்கு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அதுவும் இல்லை; அவர்களுக்குச் சான்றிதழ் வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு காகிதம், அவ்வளவுதான். 2021-22 நிதியாண்டு முதல் தொண்டு நிறுவனம் தனக்கு வந்த நன்கொடைகளைக் கொடுத்தவர் வாரியாக வரித்துறையில் தாக்கல் செய்து, அவரவர் பெயரில் சான்றிதழ் தர வேண்டும். நாங்கள் எல்லோருடைய தொகையையும் கூட்டி ஒரே பரிமாற்றமாக அனுப்பினால், சான்றிதழ் கம்பெனியின் பெயரில் வந்து நிற்கும். ஊழியருக்குப் பயனில்லை, கம்பெனிக்கோ தான் கொடுக்காத பணத்துக்குச் சான்றிதழ். ஆகவே ஒவ்வொரு பரிமாற்றத்துடனும் பெயர், பான் எண், தொகை என்று ஒரு பட்டியலும் போக வேண்டும்.

பட்டியல் போனால் பெயர் போகிறது. பெயர் போனால் அழைப்பு வரும், "இந்த ஆண்டும் தங்கள் ஆதரவை எதிர்பார்க்கிறோம்" என்று. சிலருக்கு அது வேண்டாம். அவர்களுக்காகப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்: பெயரை அனுப்பலாமா, வேண்டாமா, வேண்டாம் என்றால் வரிச் சான்றிதழ் கிடைக்காது. அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போடாமல், கட்டத்துக்குப் பக்கத்திலேயே அதை எழுதினேன். வேண்டாம் என்று குறித்தவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

பிடித்த பணம் ஊழியருடையதும் அல்ல, கம்பெனியுடையதும் அல்ல. தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் வரை அது எங்கள் ஏட்டில் ஒரு கடன். செலவுக் கணக்கில் அல்லாமல் பொறுப்புகள் தலைப்பில் தனியாக நிற்க வேண்டும். கணக்குப் பிரிவினர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பலாம், வேலை மிச்சம் என்றார்கள். பிரிட்டனில் ஏஜென்சி தன் கைக்கு வந்த பணத்தை 35 நாட்களுக்குள் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. 2014-க்கு முன் அது 60 நாட்களாக இருந்தது. ஒரு கிளையில் கட்டாயமாக இருப்பதை மற்ற இரண்டிலும் வழக்கமாக்கிவிடலாம் என்று சொல்லி, அடுத்த சம்பளத் தேதிக்கு முன் பணம் வெளியே போயிருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினேன்.

மென்பொருளில் வேலை சொற்பம் என்றேன் அல்லவா, அந்தச் சொற்பத்திலும் ஒரு முள் இருந்தது. சோதனைக்காக ஒருவரைச் சம்பளமில்லா விடுப்பில் போனவராகக் காட்டி ஓட்டிப் பார்த்தோம். சம்பளம் இல்லாத மாதங்களில் பிடிக்க முடியாத நன்கொடையை அது "நிலுவை" என்று சேர்த்து வைத்துக்கொண்டு, ஆள் திரும்பி வந்த முதல் மாதத்தில் மொத்தமாகப் பிடித்துவிட்டது. கடன் தவணைக்கு எழுதிய நிரலை அப்படியே நன்கொடைக்கும் பொருத்தியிருக்கிறார்கள். நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்து வருபவரிடம் தர்மக் கணக்கில் பாக்கி வசூல்! நிலுவையை முடக்கச் சொல்லி, பிடித்தங்களின் வரிசையில் நன்கொடையைக் கடைசியில் வைத்தோம். சட்டப்படியான பிடித்தங்கள், பிறகு கடன், பிறகு மிச்சம் இருந்தால்தான் இது. இல்லாவிட்டால் அந்த மாதம் பூஜ்யம், யாரும் கேட்க மாட்டார்கள்.

எந்தத் தொண்டு நிறுவனங்கள் என்பதில் நேரம் அதிகம் போகவில்லை, போயிருக்க வேண்டியது. முதலாளி அறங்காவலராக இருக்கும் அறக்கட்டளை ஒன்று பட்டியலில் தனியாக, முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் 1961-இல் அதிபர் கென்னடி, அரசு ஊழியர்களிடம் நிதி திரட்டுவதை முறைப்படுத்த ஓர் ஆணை பிறப்பித்தார்; ஆளாளுக்கு அலுவலகத்துக்குள் உண்டியல் தூக்கி வந்த தொல்லைக்கு முடிவு கட்டத்தான். அதிலிருந்து வளர்ந்த கூட்டு நிதித் திட்டத்தில் ஊழியர் நீண்ட பட்டியலிலிருந்து தாமே தேர்ந்தெடுக்கிறார். அதைக் காட்டியதும் முதலிடம் அகரவரிசைக்கு இறங்கியது. முதலாளியின் அறக்கட்டளை இப்போது நடுப்பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

கம்பெனி போடும் ஈடு தொகைக்கும் முன்மாதிரி உண்டு. 1954-இலேயே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தன் ஊழியர்கள் தாம் படித்த கல்லூரிக்குக் கொடுப்பதற்கு இணையாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஈடு என்பது நல்ல தூண்டில். "நீங்கள் கொடுத்தால் இரட்டிப்பு" என்பதை விளம்பரமாக ஒட்டலாம். "நீங்கள் கொடுக்காததால் இவ்வளவு வீணாயிற்று" என்று ஒட்டக் கூடாது. இரண்டாவது சுவரொட்டியும் தயாராக இருந்தது, அச்சுக்குப் போகவில்லை.

நிறுத்துவதற்கும் சேருவதற்கும் ஒரே பக்கம், ஒரே சொடுக்கு. "ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். வேலையை விட்டுப் போகிறவரின் கடைசிக் கணக்கில் நன்கொடை பிடிப்பதில்லை, அவரே கேட்டால் ஒழிய.

தீராமல் நிற்பது ஒன்றே ஒன்று. ஒருமுறை கொடுத்த ஒப்புதல் என்றைக்கும் செல்லுமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா? புதுப்பிக்கச் சொன்னால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள், தொகை விழும் என்கிறது நிர்வாகம். விழும்தான். சம்பளச் சீட்டின் வலப்பக்கத்தைக் கூர்ந்து படிக்கும் என் காவலாளியைப் போன்றவர்களைவிட, அதைத் திறந்தே பார்க்காத மேல்தளத்துக்காரர்களின் பணம்தான் அதிகம் விழும். ஆனாலும் நான் ஆண்டுதோறும் என்ற பக்கம்தான். அடுத்த கூட்டம் நிதியாண்டு முடிவதற்கு முன் இருக்கிறது.