பதினைந்து எண்ணும் வரை

என் மகனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம், வலிப்பு, அதோடு சி.வி.ஐ. என்கிற பார்வைக் குறைபாடு. கண் நன்றாகத்தான் இருக்கும். கண் அனுப்புவதை மூளையால் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது. முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகளுக்காகவே இருக்கும் தேசிய நிறுவனத்தில்தான் அந்தப் பெயரையே முதலில் கேள்விப்பட்டோம்.

முதலில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். மூன்று மாதம்தான். ஒரு நாள் மதியம் வரை கடைசி மூலையில் சக்கர நாற்காலியிலேயே இருந்திருக்கிறான், தண்ணீர்கூடக் குடிக்காமல். அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் வழி சொன்னார்கள். கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-ல் வந்த திருத்தப்படி, இவனைப் போன்ற பிள்ளைகள் விரும்பினால் வீட்டிலிருந்தே படிக்கலாம். பெயர் பக்கத்து அரசுப் பள்ளியில் இருக்கும். சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். கொடுக்க வேண்டிய நகல்களையெல்லாம் கொடுத்து முடித்தோம்.

உடனே நான் வீட்டைப் பள்ளிக்கூடமாக்கினேன். கரும்பலகை, கால அட்டவணை, சுவர் முழுக்க அ-அம்மா, ஆ-ஆடு. அவன் எதையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொள்வான். ஆர்வமில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

சிறப்பாசிரியர் வந்ததும் முதல் வேலையாக எல்லாப் படங்களையும் கழற்றினார். "சுவரே சந்தைக்கடை மாதிரி இருக்கும்மா. இதில் அவன் எதைப் பார்ப்பான்?" என்றார். சபரிமலைக்குப் போனபோது என் கணவர் கட்டிய கறுப்பு வேட்டியைச் சுவரில் தொங்கவிட்டோம். டிவி, மிக்ஸி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வேட்டிக்கு முன்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளரை மெல்ல அசைத்தார். "பேசாதீங்க. மனசுக்குள்ள பதினைந்து எண்ணுங்க." பதின்மூன்றில் அவன் கண் திரும்பியது. அதுவரை நான் மூன்று எண்ணுவதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன். எத்தனை பதில்களைத் தவறவிட்டேனோ.

அப்புறம் பொருள்களே அவனுக்குச் சொற்களாயின. டம்ளர் என்றால் தண்ணீர், துண்டு என்றால் குளியல், நாற்காலியின் பழைய பெல்ட் என்றால் வெளியே போவது. ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும் அதற்கான பொருளை அவன் கையில் தொடக் கொடுப்போம். நாலு மாதம் ஒரே மாதிரி செய்தோம், பலன் இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு நாள் துண்டைத் தொட்டதும் குளியலறைப் பக்கம் தலை திரும்பியது.

பெரிய வலிப்பு வந்தால் அடுத்த இரண்டு நாள் தூக்கம்தான். கற்றதில் சிலது காணாமல் போய்விடும். திரும்ப டம்ளரிலிருந்து தொடங்குவோம். வலிப்பு வந்த நேரத்தையும் அவன் விழிப்பாக இருந்த நேரத்தையும் நோட்டில் எழுதிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது: காலை இட்லிக்குப் பிறகு இருபது நிமிடம் நன்றாக இருப்பான், பிறகு மாத்திரை அவனைத் தூக்கத்தில் தள்ளிவிடும். ஆக எங்கள் பள்ளி இப்போது அந்த இருபது நிமிடம்தான். சிறப்பாசிரியர் வாரம் ஒரு முறை வருவார், மழை பெய்தால் அதுவும் சந்தேகம். அவருக்கு இவனைப் போல நிறைய பிள்ளைகள்.

"பள்ளிக்கூடம் போகாம என்ன படிப்பு" என்று முணுமுணுத்த என் மாமியாருக்குத்தான் எண்ணாமலே காத்திருக்க வருகிறது. மொச்சை உரித்துக்கொண்டே "என்னடா ராசா வேணும்?" என்று கேட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு அடுத்த காயை எடுப்பார்.

போன வாரம் அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவனாகவே பெல்ட்டை இழுத்தான். மணி பன்னிரண்டு, கொளுத்தும் வெயில், அடுப்பில் குழம்பு. அப்புறம் போகலாம் என்று வாய்வரை வந்தது. முதல்முறையாக வாய் திறந்து கேட்டது போல இருந்ததால் அடுப்பை அணைத்தேன். தலையில் துண்டைப் போட்டு, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், நிழலில் படுத்திருந்த இரண்டு ஆடுகள் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தோம்.