பக்கத்து நாற்காலிக்காரர்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்க உட்கார்ந்தால் என் கண் பந்தின் மேல் நிற்பதில்லை, ஹெட் கோச்சுக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போய்விடும். கேமரா அந்தப் பக்கம் அதிகம் திரும்பாது. கோட்டைத் தாண்டிப் பாயும் ஹெட் கோச்சின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும் ஒரு கை மட்டும் எப்போதாவது தெரியும். அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இந்தப் பைத்தியம் பிடித்தது மேற்படிப்புக்கு அங்கே போனபோது. கைச்செலவுக்கு வேலை தேடியபோது பல்கலைக்கழக அணியின் வீடியோ அறையில் இடம் கிடைத்தது. விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சொன்னேன், வீடியோ வெட்டத் தெரிந்தால் போதும் என்றார்கள். எனக்கு வேலை சொன்னவர் அணியின் மூன்று அசிஸ்டென்ட் கோச்களில் ஒருவர். பெயர் வேண்டாம், நாங்கள் கூப்பிட்டது போல 'கோச்' என்றே சொல்கிறேன். (கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி போடும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2023இல் இன்னும் இரண்டு பேரை வைத்துக்கொள்ள அனுமதித்துவிட்டது. அப்போது மூன்றே பேர்தான்.)

ஒரு சீசனில் முப்பது ஆட்டம் வரும். எதிரணிகளை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதற்கு 'ஸ்கவுட்' என்று பெயர். சனிக்கிழமை ஆட்டம் கோச்சின் ஸ்கவுட் என்றால் அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போவது தூங்க மட்டும்தான். எதிரணியின் கடைசி நாலைந்து ஆட்டங்களை நான் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பேன், அவர் உட்கார்ந்து பார்ப்பார். பார்ப்பார் என்பதைவிடக் கேட்பார் என்று சொல்லலாம். எதிரணி பெஞ்சிலிருந்து யாரோ கத்தும் ஒரே ஒரு சொல்லைப் பிடிக்க, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே அதே எட்டு வினாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வார், ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருப்பார், எனக்கோ தூக்கம் கண்ணைச் சுழற்றும். திடீரென்று "பிடிச்சுட்டேன்" என்பார். பந்தைக் கொண்டுவரும் கார்ட் முஷ்டியைத் தூக்கினால் இந்த வியூகம், தலையைத் தொட்டால் அந்த வியூகம் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் இருவருக்கும் அது ஒரு கொண்டாட்டம்.

இத்தனையும் கடைசியில் எவ்வளவாகச் சுருங்கும் தெரியுமா? இரண்டு பக்கத் தாள், பத்து நிமிஷ வீடியோ. அதற்கு மேல் போனால் பையன்கள் தூங்கிவிடுவார்கள். "இவன் இடது பக்கம்தான் போவான், வலதுக்குத் தள்ளு." அவ்வளவுதான் ஒரு பையனுக்குச் சொல்லப்படுவது. ஒரு வாரம் பார்த்ததில் எதையெல்லாம் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆயிற்று.

ஆனால் ஊருக்குத் தெரிந்த அசிஸ்டென்ட் கோச்சின் வேலை இதில்லை, ஆள் பிடிப்பது. ரெக்ரூட்டிங். ஜூலை மாதம் தென் கரோலினாவில் நார்த் அகஸ்டாவில் பீச் ஜாம் என்று பள்ளிப் பையன்களுக்கு ஒரு பெரிய போட்டி நடக்கும். கோச்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பையனைப் பார்ப்பதைவிட, பார்க்க வந்திருப்பது பையன் கண்ணில் பட வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம் வருஷம் முழுக்க போன்: பையனுக்கு, அம்மாவுக்கு, மாமாவுக்கு, பள்ளிக் கோச்சுக்கு. 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். 2021இல் ஒரு வருஷம் ஆடாமல் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம் என்றாயிற்று, அதே ஆண்டு ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துக் காசும் பார்க்கலாம். பையன்களுக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அசிஸ்டென்டுகளுக்குத்தான் ஏற்கெனவே தன் அணியில் இருப்பவனையே ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாகக் கெஞ்சிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சம்பளம்? இன்று பெரிய கல்லூரிகளில் லட்சக்கணக்கான டாலர். பழைய கதை வேறு. ராய் வில்லியம்ஸ் 1978இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் டீன் ஸ்மித்திடம் அசிஸ்டென்டாகச் சேர்ந்தபோது ஆண்டுச் சம்பளம் 2,700 டாலர். குடும்பத்தைக் காப்பாற்ற காலண்டர் விற்றார், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஸ்மித்தின் டிவி நிகழ்ச்சி டேப்புகளைக் காரில் போட்டுக்கொண்டு நிலையம் நிலையமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதே கல்லூரிக்கு ஹெட் கோச்சாகத் திரும்பி மூன்று முறை தேசியப் பட்டம் வென்றார் என்பது பிற்பாடு. தொண்ணூறுகளில் என்.சி.ஏ.ஏ.வே ஒரு விதி போட்டது: ஒவ்வொரு அணியிலும் ஒரு அசிஸ்டென்டுக்கு வருஷம் 16,000 டாலருக்கு மேல் தரக் கூடாது. ஹெட் கோச் சம்பளத்துக்கு வரம்பு கிடையாது, கவனியுங்கள். அசிஸ்டென்டுகள் வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள், 1999இல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அடி விழும்போதும் இதே வரிசைதான். 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. லஞ்ச வழக்கில் கைது செய்தது நான்கு பல்கலைக்கழகங்களின் நான்கு அசிஸ்டென்ட் கோச்களை. கைதானவர்களில் ஹெட் கோச் ஒருவரும் இல்லை. அந்த நான்கு பேர் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. யார் கையில் அழுக்கு வேலை விழுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, இவர்கள் எல்லாரையும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எப்போது ஹெட் கோச் ஆகப் போறீங்க?" மிருதங்கக்காரரைப் பார்த்து எப்போது பாடப் போகிறீர்கள் என்று யாராவது கேட்பார்களா? பில் கத்ரிஜ் முப்பது வருஷம் டீன் ஸ்மித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 1997 அக்டோபரில் ஸ்மித் ஓய்வு பெற, அறுபதாவது வயதில் தலைமை கைக்கு வந்தது. முதல் சீசனில் 34 வெற்றி, 4 தோல்வி. மூன்றே சீசன், அதில் இரண்டு முறை ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள்), போதும் என்று எழுந்து போய்விட்டார். கன்சாகா பல்கலைக்கழகத்தில் இருபது வருஷம் ஹெட் கோச் மார்க் ஃபியூவுக்கு அசிஸ்டென்டாக இருந்து ஜப்பானிலிருந்து ஹச்சிமுரா, லித்துவேனியாவின் சபோனிஸ் போன்ற வீரர்களைக் கொண்டுவந்த டாமி லாய்ட் 2021இல் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு ஹெட் கோச் ஆனார். முதல் சீசனில் 33 வெற்றி, 4 தோல்வி. இந்த இரண்டு கணக்கையும் பார்க்கும்போது, அந்த நாற்காலியில் இத்தனை வருஷமும் சும்மா காத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நானும் கோச்சிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவன்தான். அவர்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு, அதையே சொன்னார்: பக்கத்து நாற்காலிக்குப் பதினெட்டு அங்குலம்தான் தூரம், ஆனால் யோசனை சொல்கிறவன் முடிவெடுக்கிறவனாக மாறுவதற்கு அதைவிட நீளமான பயணம் கிடையாது. மிருதங்க உதாரணத்தையும் விளக்கிப் பார்த்தேன். தனி ஆவர்த்தனம் என்று ஒன்று உண்டு, அப்போது பாடகர் சும்மா இருப்பார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் அது உண்டே, டைம் அவுட்டில் ஹெட் கோச் கூட்டத்துக்குள் வருவதற்கு முன்னால் பதினைந்து வினாடி" என்றார்.

நான் அங்கிருந்த இரண்டாவது மார்ச்சில் ஹெட் கோச்சை வேலையைவிட்டு எடுத்தார்கள். அசிஸ்டென்டுகளைத் தனியாக எடுக்க வேண்டியதில்லை, தலை போனால் உடம்பும் போகும். செய்தி முதலில் வந்தது செல்போனில்தான். மறுநாள் கோச் அட்டைப்பெட்டியோடு வந்தார், நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார், சுவரிலிருந்த படங்களை விட்டுவிட்டார். அடுத்த வாரம் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊருக்குப் போனார். நாட்டிலிருக்கும் கோச்களின் மாநாடும் அங்கேயே அதே நாட்களில் நடக்கும், வேலை தேடுகிறவர்கள் ஹோட்டல் லாபியில் நின்று கைகுலுக்கிக்கொண்டே இருப்பார்கள். அவருடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பு. மூன்றாவது பள்ளிக்கூடம்.

போன குளிர்காலத்தில் ஏதோ ஒரு சேனலில் ஒரு சின்னக் கல்லூரி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரணிக் கார்ட் முஷ்டியைத் தூக்கினான். திரையின் ஓரத்தில், முடி முழுக்க நரைத்துப்போன ஒருவர் கேமரா நகர்வதற்குள் எழுந்து நின்று எதையோ கத்தினார்.